வெளியேறத் தடையும் பார்க்கும் உரிமையும்: சிலியிலிருந்து டெக்ஸாஸுக்குப் போன ஒரு சிறுவனின் வழக்கு

கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். பிள்ளை ஒருவரிடம் வளர்கிறது, இன்னொருவருக்கு வாரக் கடைசியிலும் விடுமுறையிலும் பார்க்கும் உரிமை. பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு நாள் சொல்லாமல் வேறு நாட்டுக்குக் கிளம்பிவிட்டால், பார்க்கும் உரிமை மட்டுமே உள்ளவர் “பிள்ளையைத் திருப்பி அனுப்புங்கள்” என்று கேட்க முடியுமா? 2010 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு விடை சொன்னது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். பிள்ளையின் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் குடும்ப நீதிமன்றப் படி ஏறும் யாருக்கும் இந்த வழக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதில் வென்ற வாதத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் ஒரு பையனின் பள்ளிப் பருவத்தில் பாதி கழிந்துபோனது என்பதும் தெரிய வேண்டும்.

வழக்கின் பெயரே அந்தக் குடும்பத்தின் பெயர்தான். அன்றைய சிறுவன் இன்று வளர்ந்த மனிதர். தன் பெற்றோரின் சண்டை சட்டப் புத்தகத்தில் ஏறட்டும் என்று அவர் கேட்கவில்லை. அதனால் தந்தை, தாய், சிறுவன் என்றே இங்கே எழுதுகிறேன்.

நடந்தது

தந்தை பிரிட்டிஷ்காரர், தாய் அமெரிக்கர். 1992 இல் இங்கிலாந்தில் திருமணம். 1995 இல் ஹவாயில் மகன் பிறந்தான். 2002 இல் குடும்பம் சிலி நாட்டின் லா செரேனா நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு மார்ச்சில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள்.

சிலி நீதிமன்றம் பையனின் அன்றாடப் பராமரிப்பைத் தாயிடம் கொடுத்தது. தந்தைக்கு ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசியும், ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் முழுவதும் பையனைத் தன்னுடன் வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன. பிப்ரவரி அங்கே கோடை விடுமுறைக் காலம். பிரிந்த பெற்றோருக்கு நீதிமன்றங்கள் வழக்கமாகத் தருகிற ஏற்பாடுதான் இது.

அடுத்து நடந்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பல சுருக்கங்களில் இது விட்டுப்போகிறது. தந்தை மகனுக்கு ஒரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கினார். பையனை அவர் பிரிட்டனுக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்ற பயம் தாய்க்கு வந்தது. அவர்தான் 2004 ஜனவரியில் நீதிமன்றத்துக்குப் போய், சிறுவனைச் சிலியை விட்டு யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று தடை உத்தரவு வாங்கினார். அதாவது, இந்த வழக்கில் பயணத் தடையை முதலில் கேட்டவர் தாய். அவருடைய பயம் நியாயமான பயம்தான். பிரிந்த வீடுகளில் புது பாஸ்போர்ட் ஒன்று வந்து சேர்ந்தால் அடுத்தவருக்குத் தூக்கம் போவது இயல்பு.

இந்த உத்தரவோடு சிலி நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொண்டது. அங்கே சிறார் சட்டம் 16,618 என்று ஒன்று உண்டு. அதன் 49 ஆவது பிரிவின்படி, பெற்றோரில் ஒருவருக்கு நீதிமன்றம் பார்க்கும் உரிமை கொடுத்துவிட்டால், பிள்ளையை நாட்டுக்கு வெளியே அழைத்துப்போக அவருடைய சம்மதமும் வேண்டும். அவர் காரணமில்லாமல் மறுத்தாலோ, சம்மதம் தர முடியாத நிலையில் இருந்தாலோ, நீதிபதியே அனுமதி கொடுக்கலாம். கதவை அடைத்துவிட்டு, அதைத் திறக்க ஒரு வழியையும் அந்தச் சட்டமே வைத்திருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் இந்த வழக்கின் பெரும்பகுதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

2005 ஆகஸ்டில், சிலி நீதிமன்றத்தில் விசாரணை நிலுவையில் இருக்கும்போதே, தாய் மகனுடன் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். தந்தையின் சம்மதமும் இல்லை, நீதிமன்றத்தின் அனுமதியும் இல்லை. தனியார் துப்பறிவாளர் ஒருவர் தேடி, இருவரும் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

டெக்ஸாஸில்

2005 நவம்பரில் தந்தை டெக்ஸாஸ் மாநில நீதிமன்றத்தில் மனுப் போட்டார். மகனைப் பார்க்க வேண்டும், சிலிக்கு அழைத்துப்போக வேண்டும் என்று கேட்டார். அழைத்துப்போக நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 2006 பிப்ரவரி மாதம் மட்டும், டெக்ஸாஸை விட்டு வெளியே போகாமல், தாராளமாக மகனுடன் இருக்கலாம் என்றது. அதே பிப்ரவரியில் தாய் அங்கே விவாகரத்து வழக்குத் தொடுத்தார். பையன் எங்கே வசிப்பது என்பதைத் தானே முடிவு செய்யும் முழு அதிகாரம் வேண்டும், தந்தை டெக்ஸாஸிலேயே, அதுவும் மேற்பார்வையாளர் ஒருவர் முன்னிலையில்தான் மகனைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

ஆறு மாதத்துக்கு முன்புவரை மாதத்தில் இரண்டு வாரக் கடைசியும் ஒரு முழு விடுமுறையும் வைத்திருந்தவர், இப்போது வேற்று நாட்டில், வேற்று நீதிமன்றத்தில், ஒரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்க மகனோடு உட்கார வேண்டுமா என்ற கேள்வியில் நிற்கிறார். பிள்ளை எல்லை தாண்டினால் சட்டக் களம் எவ்வளவு வேகமாகச் சாயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2006 மே மாதம் தந்தை மத்திய நீதிமன்றத்துக்குப் போனார். இந்த முறை அவர் ஆதாரமாகக் காட்டியது 1980 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு முறைகேடாகக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான சர்வதேச ஒப்பந்தம் அது. சிலி, அமெரிக்கா இரண்டுமே அதில் உறுப்பு நாடுகள்.

அந்த உடன்படிக்கை பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்வதில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் அதை முடிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பு, மீதியை அங்கே பேசிக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. “திருப்பி அனுப்பு” என்றால் “தந்தையிடம் கொடு” என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. இந்தச் சிறுவன் சிலிக்குத் திரும்பியிருந்தாலும் தாயின் பராமரிப்பிலேயே இருந்திருப்பான்.

ஆனால் ஒரு சிக்கல். உடன்படிக்கை இரண்டு வகை உரிமைகளைப் பிரிக்கிறது. கஸ்டடி உரிமை, அதாவது பிள்ளையின் பராமரிப்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை, மீறப்பட்டால் பிள்ளையைத் திருப்பி அனுப்ப உத்தரவிடலாம். வெறும் பார்க்கும் உரிமை மீறப்பட்டால் அந்தப் பரிகாரம் கிடையாது. பார்ப்பதற்கு ஏற்பாடு செய்து கொடுங்கள் என்று அதிகாரிகளிடம் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். 21 ஆவது உறுப்பு சொல்வது அதுதான். இந்தத் தந்தையிடம் இருந்ததோ பார்க்கும் உரிமையும், நாட்டை விட்டு வெளியேறச் சம்மதம் தரும் அல்லது மறுக்கும் உரிமையும். இந்த இரண்டாவது உரிமை எந்தப் பக்கம் சேரும்?

2007 ஜூலையில் மத்திய நீதிமன்ற அமைப்பின் முதல் படியான மாவட்ட நீதிமன்றம் அதைக் கஸ்டடி உரிமையாக ஏற்கவில்லை, மனுவைத் தள்ளுபடி செய்தது. 2008 இல், டெக்ஸாஸை உள்ளடக்கிய ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாவது வட்டார நீதிமன்றம் 2000 இல் வேறொரு வழக்கில் இதே கருத்தை எடுத்தபோது, மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் சோனியா சோட்டோமேயர். 2004 இல் பதினொன்றாவது வட்டார நீதிமன்றம் எதிர்த்திசையில் போயிருந்தது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது சோட்டோமேயரும் அங்கே நீதிபதியாகியிருந்தார்.

பெரும்பான்மை சொன்னது

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்தனி கென்னடி. ராபர்ட்ஸ், ஸ்காலியா, கின்ஸ்பெர்க், அலிட்டோ, சோட்டோமேயர் ஐவரும் அவருடன் சேர்ந்தார்கள். வழக்கமாக எதிரெதிர் அணியில் நிற்பவர்கள் இதில் ஒன்றாக நின்றது கவனிக்கத் தக்கது. அமெரிக்க அரசும் தந்தையின் வாதத்தை ஆதரித்தே தன் கருத்தைத் தாக்கல் செய்திருந்தது.

உடன்படிக்கையின் 5 ஆவது உறுப்பில், கஸ்டடி உரிமை என்பது பிள்ளையின் பராமரிப்பு சம்பந்தமான உரிமைகளையும், குறிப்பாகப் பிள்ளை வசிக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் உரிமையையும் உள்ளடக்கும் என்று எழுதியிருக்கிறது. தன் சம்மதம் இல்லாமல் பிள்ளை நாட்டை விட்டுப் போக முடியாது என்றால், எந்த நாட்டில் வசிப்பது என்ற முடிவில் தந்தைக்கும் பங்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது தாயோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டு உரிமை. உடன்படிக்கை கூட்டு உரிமையையும் காக்கிறது. பிள்ளை யார் வீட்டில் படுத்துத் தூங்குகிறது என்ற பழைய அர்த்தத்தில் மட்டும் கஸ்டடியைப் பார்க்க வேண்டியதில்லை என்றார் கென்னடி. எந்த நாட்டில் வளர்கிறது என்பதைப் பொறுத்தே பிள்ளை பேசும் மொழியும், தன்னை யாராக உணர்கிறது என்பதும், எந்தப் பண்பாட்டை உள்வாங்குகிறது என்பதும் அமையும் என்று அவர் சுட்டிக்காட்டிய இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கான சம்மதத்தை வெறும் கையெழுத்தாகப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பலர் தவறவிடும் ஒரு நுணுக்கமும் தீர்ப்பில் உண்டு. பெரும்பான்மை நம்பி நின்றது தாய் வாங்கிய தடை உத்தரவின் மேல் இல்லை. 49 ஆவது பிரிவு தந்தைக்கு நேரடியாகக் கொடுத்த சம்மத உரிமையின் மேல். பெற்றோரின் சம்மதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ‘பிள்ளை வெளியே போகக் கூடாது’ என்று மட்டும் நீதிமன்றம் போடும் தடை கஸ்டடி உரிமை ஆகுமா என்பதை முடிவு செய்யத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1990களில் இடைக்காலத் தடைக்கும் நிரந்தர உத்தரவில் வரும் தடைக்கும் வித்தியாசம் உண்டு என்று பேசியதும் இந்தப் பின்னணியில்தான். உத்தரவில் இருக்கும் ஒரு வரி, வேறொரு கண்டத்தில் வழக்கின் முடிவையே மாற்றலாம். “மற்றப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்றத்தின் முன்அனுமதியோ இல்லாமல்” என்ற சொற்கள் உத்தரவில் இருக்கின்றனவா என்று வழக்கறிஞரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

எதிர்த் தீர்ப்பு

மாறுபட்டவர்கள் ஸ்டீவன்ஸ், தாமஸ், பிரேயர். எழுதியவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். இவர்கள் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

சிலிக்குள் தாய் மகனை வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்குக்கூட அழைத்துப்போய்க் குடியேறலாம், தந்தையால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படியிருக்க அவர் எப்படி வசிக்கும் இடத்தைத் தீர்மானிக்கிறவர் ஆவார்? அவரிடம் இருப்பது ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை மட்டுமே. அதைக் கஸ்டடி என்றால், உடன்படிக்கை கவனமாகப் போட்ட கோடு அழிந்துபோகும். நடைமுறையில், பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முழுவதையும் சுமக்கிறவரைத் திருப்பி அழைக்கும் ஆயுதமாக இது மாறும் என்பது ஸ்டீவன்ஸின் கவலை.

அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. உடன்படிக்கை எழுதப்பட்ட காலத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் கஸ்டடி கிடைக்காத தந்தை என்ற சித்திரம்தான் மனத்தில் இருந்தது. பின்னால் வந்த வழக்குகளில் பெரும்பாலும் பிள்ளையோடு கிளம்புகிறவர் அதை வளர்க்கும் தாய். அவர்களில் சிலர் அடி உதைக்குப் பயந்து தாய்வீடு தேடிப் போகிறவர்கள். பயணத் தடை உத்தரவு அவர்களை அதே ஊரில் பூட்டி வைத்துவிடலாம். வன்முறையிலிருந்து காக்கப் போடும் தடை உத்தரவும், பிள்ளை வெளியேறாமல் இருக்கப் போடும் தடை உத்தரவும் ஒரே கோப்பில் கிடக்கும் வழக்குகளில் நீதிபதி இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இருந்தாலும் பெரும்பான்மைதான் சரி என்பது என் கருத்து. காரணம், உடன்படிக்கைக்குள்ளேயே தப்பிக்க நியாயமான வாசல்கள் இருக்கின்றன. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு உடலாலோ மனத்தாலோ கடும் தீங்கு வரும் என்று காட்டினால் 13 ஆவது உறுப்பின்படி மறுக்கலாம். தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் அது பிள்ளைக்கும் தீங்காகுமா என்று கீழ் நீதிமன்றம் பார்க்கலாம் என்பதைக் கென்னடியே எழுதினார். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை போக மாட்டேன் என்றால் அதையும் கேட்கலாம். ஆபத்தில் உள்ளவரைக் காக்க இந்த வாசல்களை அகலமாக்கலாம். அதற்காகப் பார்க்கும் உரிமை உள்ள எல்லாப் பெற்றோரின் பிடியையும் தளர்த்த வேண்டியதில்லை. பிள்ளை இன்னொரு கண்டத்தில் இருக்கும்போது ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசி என்ற உத்தரவை யாரால் நிறைவேற்ற முடியும்?

அப்புறம் அந்த 49 ஆவது பிரிவின் கடைசி வரி. தாய்க்கு அமெரிக்கா திரும்ப வேண்டிய தேவை இருந்திருக்கலாம். அந்நிய மண்ணில் திருமணம் முறிந்து தனியாக நிற்பவருக்குச் சொந்த ஊர் போக வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா? அதற்குச் சிலி நீதிபதியிடம் அனுமதி கேட்கும் வழி இருந்தது. கேட்டிருந்தால், தந்தை எப்போது பார்ப்பது, செலவு யாருடையது, பிப்ரவரி விடுமுறை என்னவாகும் என்பதையெல்லாம் பேசி ஓர் உத்தரவு வாங்கியிருக்கலாம். நாடு மாறிப்போவதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை, கேட்காமல் போனதுதான் தவறு.

காலம்

உச்ச நீதிமன்றம் வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது, விதிவிலக்குகள் பொருந்துமா என்று பார்க்கச் சொல்லி. சிலியை விட்டுப் போனபோது பத்து வயதுப் பையன், இப்போது பதினைந்தை ஒட்டி நிற்கிறான். ஹேக் உடன்படிக்கை பதினாறு வயது நிறைந்தால் பொருந்தாது. ஆறு வாரத்துக்குள் முடிவு வரவில்லை என்றால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம் என்று 11 ஆவது உறுப்பு சொல்கிறது. இங்கே மத்திய நீதிமன்றத்தில் மனுப் போட்டதிலிருந்து கணக்கிட்டாலே நான்கு ஆண்டுகள்.

சட்டக் கேள்வி கடினமானது, ஏற்கிறேன். ஆனாலும் இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. பத்து வயதில் அப்பாவோடு விடுமுறைக்குப் போகும் பையன் வேறு, பதினைந்து வயதுப் பையன் வேறு. இழந்த பிப்ரவரிகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. உடன்படிக்கையின் 12 ஆவது உறுப்பில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. பிள்ளை போய் ஓராண்டுக்குள் மனுப் போடாவிட்டால், புது இடத்தில் அது வேரூன்றிவிட்டது என்ற வாதம் எழும். பிள்ளையை ஒளித்து வைத்திருந்தாலும் அந்த ஓராண்டுக் கணக்கு நிற்காது என்று 2014 இல் இதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், போன நாளே மத்திய அதிகார அமைப்பிடம் (உடன்படிக்கை விண்ணப்பங்களைக் கவனிக்க ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் இருக்கும் அலுவலகம்) விண்ணப்பம் கொடுங்கள் என்பது இதனால்தான்.

உடன்படிக்கை இல்லாத இடங்களில்

நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. இலங்கை 2001 இலேயே சேர்ந்தது. சிங்கப்பூரில் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியா சேரவில்லை. சட்ட ஆணையம் 2016 இல் 263 ஆவது அறிக்கையில் ஒரு மசோதாவைப் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான் வழக்கமான வழி. வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு இருந்தாலும் பிள்ளையின் நலனே முதன்மை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 இல் அழுத்திச் சொன்னது. 2020 இல் வந்த இன்னொரு தீர்ப்பு எனக்குப் பிடித்தமானது. நேரில் பார்ப்பது தவிர, தொலைவில் உள்ள பெற்றோருக்குத் தினமும் ஐந்து பத்து நிமிடம் வீடியோ அழைப்பில் பேசும் உரிமையும் வேண்டும் என்று அது சொன்னது. ஆனால் பிள்ளை ஹேக் நாடல்லாத இடத்துக்குப் போய்விட்டால், போன பிறகு செய்யக்கூடியது குறைவு. அதனால் போவதற்கு முன் வாங்கும் உத்தரவுதான் அங்கே எல்லாம்.

அந்த உத்தரவில் ‘போகக் கூடாது’ என்பதோடு, போக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பிள்ளை யாருடன் வாழ்வதாக நீதிமன்ற உத்தரவு இருக்கிறதோ, அவர் மற்றவரின் சம்மதம் இல்லாமலே ஒரு மாதத்துக்குள் வெளிநாடு போய் வரலாம் என்று 1989 ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிடுகிறது. பயம் இருப்பவர் தனியாகத் தடை கேட்கலாம். பாட்டி வீட்டுக்குப் போவதையும் நிரந்தரமாகப் போய்விடுவதையும் ஒரே தராசில் வைக்காத ஏற்பாடு இது. திரும்பி வரும் டிக்கெட், தங்கும் முகவரி, நீதிமன்றத்தில் கட்டும் பிணைத்தொகை, போகும் நாட்டிலும் அதே நிபந்தனைகளோடு முன்கூட்டியே வாங்கும் உத்தரவு என்று பயணத்தை அனுமதித்தே பாதுகாப்பைத் தேடும் வழிகள் பல உண்டு. சம்மதம் மறுக்கிறவர், இவற்றில் எது இருந்தால் ஒப்புக்கொள்வேன் என்று சொல்ல நீதிபதி கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. காரணம் சொல்லாத மறுப்பு பிள்ளையின் தாத்தாவையும் பாட்டியையும் அதனிடமிருந்து பறிக்கும்.

கடைசியாகப் பாஸ்போர்ட். இந்தச் சிறுவன் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன், தந்தை வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் உண்டு. இப்படிப்பட்ட பிள்ளையின் ஒரு பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைத்தால் இன்னொன்று வெளியே இருக்கும், அல்லது தூதரகத்தில் புதிதாக ஒன்று கேட்கலாம். அமெரிக்காவில் நாட்டை விட்டு வெளியேறுபவரைக் குடிவரவு அதிகாரி நிறுத்திப் பார்க்கும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. அதனால் அங்கே பிள்ளையின் பெயரில் பாஸ்போர்ட் விண்ணப்பம் வந்தால் தனக்குத் தகவல் தரும்படி பெற்றோர் வெளியுறவுத் துறையில் பதிந்துவைக்கலாம். இங்கிலாந்தில் காவல்துறை மூலம் எல்லா விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பலாம், அது 28 நாட்கள் நிற்கும். உத்தரவு கிடைத்த அன்றே அதன் சான்றிட்ட நகலைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும், பிள்ளைக்கு உரிமையுள்ள ஒவ்வொரு நாட்டின் தூதரகத்துக்கும், பள்ளிக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.